படகு டிரைலரின் இழுவைத் தண்டை மடக்கும்படி மாற்ற வேண்டும்: எங்கே வெட்டுவது, எப்படிப் பொருத்துவது?

சத்தி_தோட்டம்:

அனைவருக்கும் வணக்கம். சத்தியமங்கலத்திலிருந்து புளியம்பட்டி போகும் வழியில் எங்கள் தோட்டம் இருக்கிறது. நானும் அப்பாவும் இரண்டு குளங்களைக் குத்தகைக்கு எடுத்து, கட்லா, ரோகு, மிர்கால் வளர்த்து வருகிறோம். தீவனம் போடுவதற்கும் வலை இழுப்பதற்கும் முன்பெல்லாம் பரிசலைத்தான் பயன்படுத்தினோம். சென்ற ஆண்டு 14 அடி ஃபைபர் படகு ஒன்றையும், அதை ஏற்றிச் செல்ல ஒற்றை அச்சுள்ள பழைய டிரைலர் ஒன்றையும் வாங்கினோம். பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிக் குளத்துக்குக் குளம் கொண்டு போகிறோம்.

சிக்கல் நிறுத்துமிடத்தில்தான். சாளையை (தோட்டத்து வீட்டை) ஒட்டியிருக்கும் கொட்டகையின் உள்நீளம் 17 அடி, அகலம் 9 அடி. கப்ளரின் (டிரைலரை இழுக்கும் வண்டியோடு மாட்டும் பூட்டு) மூக்கிலிருந்து படகின் பின்னால் மாட்டியிருக்கும் மோட்டார் வரை அளந்தால் 18 அடி 3 அங்குலம் வருகிறது. கொட்டகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி இட்டேறிக்குள் (தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை) போய்விடுவதால், பக்கத்துத் தோட்டத்து வண்டிகள் திரும்ப இடமில்லாமல் போகிறது. அவர்கள் ஒன்றும் சொல்வதில்லை என்றாலும், எங்களுக்கே சங்கடமாக இருக்கிறது.

முன்னால் நீளும் இழுவைத் தண்டை நடுவில் வெட்டிக் கீல் வைத்து, நிறுத்தும்போது பக்கவாட்டில் மடக்கிக்கொள்ளலாம் என்று படித்தேன். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம், போல்ட் போட்டு மாட்டும் அமெரிக்க வகைக் கீல் ஒன்றை வாங்கியும் விட்டேன். வந்த பிறகுதான் அது 3 அங்குலச் சதுரக் குழாய்க்கானது என்று தெரிந்தது. எங்கள் தண்டை வெர்னியர் வைத்து அளந்தால் 72 மில்லி. சுவர்த் தடிமன் 4.8 மில்லி. பொருத்தமாக இருக்கும் என்று சொல்லித்தான் அவர் விற்றார். இப்போது திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கிறார்.

மற்ற விவரங்கள்: படகு, மோட்டார், டிரைலர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 450 கிலோ. மீன் நிறுக்கும் தராசின் மேல் கப்ளரை வைத்துப் பார்த்ததில் முன்முனை எடை 35 கிலோ. டிரைலருக்குத் தனி பிரேக் கிடையாது. கப்ளரின் உருண்டை மையத்திலிருந்து, படகை இழுத்து ஏற்றும் வின்ச் மாட்டியிருக்கும் தூண் வரை 110 செ.மீ. முன்பக்கம் தாங்கிப் பிடிக்கும் சிறுசக்கரம் இப்போது கப்ளருக்குப் பின்னால் 30 செ.மீ. தள்ளி இருக்கிறது. தண்டு துத்தநாக முலாம் பூசியது.

எங்கள் ஊர் வெல்டிங் பட்டறையில், வின்ச் தூணை ஒட்டியே வெட்டிவிட்டால் அதிகம் மடங்கும் என்கிறார்கள். அது சரியா? இந்தக் கீலையே இடையில் தகடு கொடுத்துப் பயன்படுத்தலாமா? ஐப்பசி மழைக்கு முன் வேலையை முடிக்க வேண்டும்.

கணபதி_லேத்:

தம்பி, முதலில் ஒன்று. யார் என்ன சொன்னாலும், கீல் கையில் தயாராகி, தண்டின் மேல் வைத்துப் பார்த்து, கோடு போடும் வரை கிரைண்டரைத் தொடாதீர்கள். வெட்டிய தண்டை மறுபடி நேராக ஒட்டுவது, புதுத் தண்டு போடுவதைவிடக் கடினமான வேலை.

கீல் பொருந்தாததற்குக் காரணம் எளிது. 3 அங்குலம் என்றால் 76.2 மில்லி. நம் நாட்டில் சதுரக் குழாய்கள் ஐஎஸ் 4923 தரப்படி வருகின்றன. அந்தப் பட்டியலில் 72 மில்லி என்பது வழக்கமான அளவு. வித்தியாசம் 4 மில்லிதானே, பக்கத்துக்கு 2 மில்லி தகடு வைத்து இறுக்கிவிடலாம் என்று தோன்றும். நின்ற இடத்திலேயே இருக்கும் கேட்டுக்கு அப்படிச் செய்யலாம். ஓடும் டிரைலரில், குழிகளிலும் வேகத்தடைகளிலும் அதிர்ந்து அதிர்ந்து, தகடு நகர்ந்து போல்ட் தளரும். வெற்றுக் குழாயின் குறுக்கே போல்ட் போட்டு இறுக்கினால் சுவர் உள்ளே குழிவதும் உண்டு. உள்ளே குழாய்ப் புஷ் (போல்ட்டைச் சுற்றி நின்று சுவரைத் தாங்கும் சிறு குழாய்த் துண்டு) கொடுக்காமல் எத்தனை இறுக்கினாலும் பிடிப்பு நிற்காது. அதனால் அந்தக் கீலை மாதிரியாக மட்டும் வைத்துக்கொண்டு, 72 மில்லிக்கு ஏற்பப் புதிதாக ஒன்று செய்வதே நல்லது என்பது என் கருத்து.

செய்யும்போது தண்டின் மேலும் கீழும் காதுகள், அதாவது பின் நுழையத் துளையிட்ட தகடுகள், வர வேண்டும். வண்டிப்பக்கத் துண்டின் ஒரு காது, டிரைலர்ப்பக்கத்தின் இரண்டு காதுகளுக்கு நடுவில் நுழைந்து நிற்கும்படி அமைத்தால், பின்னை இருபுறமும் பிடித்துக்கொள்ளும். ஒரு காதின் மேல் இன்னொரு காது சும்மா படிந்திருப்பதாக வைத்தால், பின் ஒரு பக்கமாகச் சாய்ந்து துளை முட்டை வடிவமாகிவிடும். இடப்பக்கம் ஒரு பின், வலப்பக்கம் ஒரு பின், இரண்டும் செங்குத்தாக, 20 மில்லி. ஒன்று நிரந்தரம், அதன் மேல்தான் தண்டு திரும்பும். மற்றொன்று கழற்றும் பின். துளையை டிரில்லோடு விட்டுவிடாமல் ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) ஓட்டச் சொல்லுங்கள். கேஸ் கட்டரில் துளை போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

முலாம் பூசிய குழாய் என்பதால், வெல்டிங் வரும் இடத்தில் சுற்றிலும் 5 செ.மீ. அளவுக்குத் துத்தநாகத்தை இரும்பு தெரியும்வரை தேய்த்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வெல்டிங்கில் துளைகள் விழும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும். திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று செய்யச் சொல்லுங்கள். முடிந்த பிறகு துத்தநாகச் சத்துள்ள பெயிண்டை இரண்டு பூச்சு கொடுக்க வேண்டும்.

பெருந்துறை_பொறியாளர்:

லேத்துக்காரர் அண்ணன் சொன்னதோடு நான் முழுவதும் உடன்படுகிறேன். வெட்டும் இடத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த வேலை நிலைப்பதும் முறிவதும் அதில்தான் இருக்கிறது.

மாட்டு வண்டிக்கு ஏர்க்கால் எப்படியோ அப்படித்தான் இதுவும். முன்முனையைக் கப்ளர் உருண்டை மேல்நோக்கித் தாங்குகிறது. பின்னால் வண்டியின் பாரம் கீழ்நோக்கி அழுத்துகிறது. ஆகவே ஓடும்போது தண்டின் மேல்முகம் நசுங்கும் விசையிலும், அடிமுகம் இழுபடும் விசையிலும் இருக்கின்றன. வளைக்கும் திருப்பம் கப்ளரில் சுழி; அங்கிருந்து பின்னால் போகப் போக, தூரத்துக்கு ஏற்பக் கூடிக்கொண்டே வருகிறது. வின்ச் தூணை ஒட்டி வெட்டச் சொல்பவர், மடங்கும் பகுதியில் திருப்பம் மிக அதிகமாக உள்ள இடத்தில், அதுவும் தூணின் வெல்டிங்கால் ஏற்கெனவே சூடுபட்ட இடத்தில், மூட்டு வைக்கச் சொல்கிறார்.

உங்களுக்கு எவ்வளவு மடங்கினால் போதும் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். 18 அடி 3 அங்குலம் என்பது ஏறத்தாழ 556 செ.மீ.; கொட்டகை 518 செ.மீ. 38 செ.மீ. குறைந்தால் நுழைந்துவிடும். கதவு மூடவும், ஆள் நடந்து போகவும் இன்னும் 30 செ.மீ. சேர்த்தால் 68. உருண்டை மையத்திலிருந்து 70 செ.மீ. தள்ளிக் கீல் வைத்தால் போதும். அதற்குப் பின்னால் வின்ச் தூண் வரை 40 செ.மீ. மிஞ்சுகிறது, அந்த இடம் உங்களுக்கு வேறு ஒன்றுக்குத் தேவை, பிறகு சொல்கிறேன்.

35 கிலோ எடை, 0.7 மீட்டர் தூரம் என்றால் நின்ற நிலையில் திருப்பம் 240 நியூட்டன் மீட்டர். குழியில் விழுந்து எழும் அதிர்ச்சிக்காக மூன்று மடங்கு வைத்துக்கொண்டால் 720. மேல் காதுகளுக்கும் கீழ்க் காதுகளுக்கும் நடுவே மையத்துக்கு மையம் 80 மில்லி இருக்கிறது என்று வைத்தால், மேலே தள்ளுவதும் கீழே இழுப்பதும் தலா 9000 நியூட்டன், அதாவது 900 கிலோவுக்குச் சற்று மேல். இரண்டு பின்கள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. 8.8 தரத்து 20 மில்லி பின்னுக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

ஆகவே பின் அறுந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். தளர்வுக்குத்தான் பயப்பட வேண்டும். மேல் காதில் அரை மில்லி, கீழ்க் காதில் அரை மில்லி தளர்வு இருந்தாலே, 70 செ.மீ. தள்ளியிருக்கும் கப்ளர் ஏறத்தாழ 9 மில்லி மேலும் கீழும் ஆடும். ஆட ஆட அடி விழும், அடி விழ விழத் துளை பெருகும். பாதி ஆண்டுக்குள் மூட்டு கடகடவென்று சத்தமிடத் தொடங்குவது இப்படித்தான். அண்ணன் ரீமர் ஓட்டச் சொன்னதன் காரணம் இதுவே.

வெல்டிங் பற்றி ஒரு வார்த்தை. அடிமுகம் இழுவிசையில் இருப்பதால், அங்கே குழாயின் குறுக்காக வெல்டிங் ஓட்டக் கூடாது. வெடிப்பு தொடங்கும் இடமாக அது மாறும். காதுத் தகடுகளைக் குழாயின் மேல் 15 செ.மீ. அளவுக்கு நீட்டி, பக்கவாட்டு விளிம்புகளில் நீளவாக்கில் பற்ற வையுங்கள்.

பாதுகாப்புச் சங்கிலியை மறந்துவிடாதீர்கள். இப்போது அது கப்ளரை ஒட்டிய வளையத்தில் மாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். கீல் வந்த பிறகும் அங்கேயே இருந்தால், கீல் விட்டுப்போகும் நாளில் அந்தச் சங்கிலி ஒரு முழம் இரும்பை மட்டும் பத்திரமாக இழுத்துக்கொண்டு போகும். படகும் டிரைலரும் சாலையில் தனியே ஓடும். சங்கிலியின் வேரைக் கீலுக்குப் பின்னால், வின்ச் தூணுக்கும் கீலுக்கும் இடைப்பட்ட தண்டில் அமைத்து, இரண்டு சங்கிலிகளும் கப்ளருக்கு அடியில் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து வரும்படி நீளம் வையுங்கள். பின்விளக்கு வயரும் நிரந்தரப் பின் இருக்கும் பக்கமாகவே வளையம் விட்டு வர வேண்டும். திறக்கும் பக்கமாகப் போனால் மூடும்போது நசுங்கும்.

இன்னொன்று: பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. ஓடும் நிலையில் நீளம் மாறாது என்றாலும், வெட்டுவதற்கு முன் படத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஆழியாறு_கரை:

நான் பொள்ளாச்சிப் பக்கம். எனக்கு நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

நானும் இதேபோல் கீல் வைத்தேன். கீல் நன்றாகத்தான் இருந்தது. தாங்கு சக்கரத்தை மாற்ற வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அது கீலுக்கு முன்னால், மடங்கும் துண்டிலேயே இருந்தது. முதல் நாள் பின்னைக் கழற்றித் தண்டைப் பக்கவாட்டில் திருப்பினேன். தாங்கும் சக்கரமும் அதோடு சேர்ந்து பக்கவாட்டில் போனது. நடுவில் தாங்க ஆளில்லாமல் டிரைலரின் முன்பக்கம் முறுக்கிக்கொண்டு இறங்கியது. தண்டு என் வலது பாதத்தின் மேல் விழுந்து, இரண்டு விரல்கள் முறிந்தன. ஆறு வாரம் தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. உங்கள் சக்கரமும் கப்ளரிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 70 செ.மீ.யில் கீல் வைத்தால், உங்களுக்கும் அதே கதிதான். பொறியாளர் தம்பி பிறகு சொல்கிறேன் என்று விட்டுவைத்த 40 செ.மீ. இதற்காகத்தான் இருக்க வேண்டும். சக்கரத்தை அங்கே மாற்றிய பிறகே கீலைப் பற்றி யோசியுங்கள்.

அதற்குப் பிறகு நான் கீலையே எடுத்துவிட்டேன். இப்போது என் டிரைலரில் முன் தண்டு முழுவதும் கழன்று வரும். 72 மில்லிக் குழாயின் சுவர் 4.8 மில்லி என்றால் உள்ளளவு 62.4. அதற்குள் 60 மில்லிச் சதுரக் குழாய் நுழையும். உள்பக்கம் ஓடும் வெல்டிங் தழும்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, 35 செ.மீ. உள்ளே செருகி, குழாய்ப் புஷ் கொடுத்து இரண்டு 16 மில்லி போல்ட் போட்டிருக்கிறேன். கீல் இல்லை, காது இல்லை, பாரம் தாங்கும் வெல்டிங்கும் இல்லை. நான்கு ஆண்டாக ஓடுகிறது. உங்களுக்கும் இதையே சொல்வேன்.

பெருந்துறை_பொறியாளர்:

ஆமாம் ஐயா, சக்கரத்துக்காகத்தான் அந்த இடத்தை ஒதுக்கினேன். ஆனால் அதைப் பிறகு என்று தள்ளி வைத்துவிட்டு எழுதாமலே முடித்தது என் தவறு. முதலில் சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.

உங்கள் செருகு தண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 மில்லிக் குழாய் 4.8 மில்லிச் சுவரோடு இருந்தால், தம்பியின் பாரத்துக்கு, அதே 720 நியூட்டன் மீட்டரில், 40 மெகாபாஸ்கல் அளவு தகைவுதான் வருகிறது. ஒய்எஸ்டி 210 என்ற மிகக் குறைந்த தரத்துக் குழாயே 210 மெகாபாஸ்கல் வரை வளையாமல் தாங்கும். போல்ட் துளைக்கு ஒதுக்கு வைத்தாலும் பலத்தில் குறை இல்லை. பக்கத்துக்கு ஒரு மில்லிக்கு மேல் இருக்கும் இடைவெளியை எப்படி அடைத்தீர்கள் என்பதை மட்டும் சொன்னால் நல்லது.

ஆழியாறு_கரை:

மேலும் கீழும் ஒரு மில்லித் தகட்டை, உள்தண்டின் இரண்டு முனைகளிலும், பொட்டுப் பொட்டாகப் பற்ற வைத்தேன். அதற்குப் பிறகு ஆட்டம் இல்லை. மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை கழற்றிக் கிரீஸ் தடவிவிட வேண்டும். இல்லாவிட்டால் துரு பிடித்து, சம்மட்டிக்கும் அசையாது.

கணபதி_லேத்:

செருகு தண்டு நல்ல முறைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் போல்ட் கழற்றி, தண்டைத் தூக்கி வைத்து, மறுநாள் துளை பார்த்துச் சேர்க்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு முறை எடுப்பவருக்கு அது போதும். வாரத்துக்கு நான்கு நாள் எடுப்பவர் பத்தாவது நாளில் ஒரு போல்ட்டை மட்டும் போட்டுக்கொண்டு ஓட்டுவார். எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். தம்பி, டிரைலரை யார் எத்தனை முறை எடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அதைப் பொறுத்துத்தான் இது.

சத்தி_தோட்டம்:

வாரத்துக்கு மூன்று நாளாவது எடுப்போம். பெரும்பாலும் அப்பாதான் தனியாகக் கொண்டு வந்து நிறுத்துவார். அவருக்கு வயது 68. கப்ளரோடு சேர்த்தால் செருகு தண்டு 12 கிலோ வரை வரும் போலிருக்கிறது. குனிந்து அதை உருவி எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் கீல்தான் என்று முடிவு செய்கிறேன். ஆழியாறு ஐயா எழுதியிராவிட்டால், விழுந்திருப்பது அப்பாவின் காலில்தான் இருந்திருக்கும். எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்று மட்டும் யாராவது சொல்ல முடியுமா?

கணபதி_லேத்:

படகை இறக்கிவிடுங்கள். டிரைலரைச் சமதளத்தில் நான்கு இடங்களில் முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். முதல் வேலையாகத் தாங்கு சக்கரத்தையும் சங்கிலி வளையங்களையும் கீலுக்குப் பின்னால் வரப்போகும் இடத்துக்கு மாற்றுங்கள். அடுத்து, கீலின் இரண்டு பாதிகளையும் இரண்டு பின்களும் போட்டுச் சேர்த்த நிலையிலேயே, வெட்டாத முழுத் தண்டின் மேல் வைத்து, அசையாதபடி அங்கங்கே வெல்டிங் பொட்டு வையுங்கள். தண்டின் இரு பக்கமும் ஒரு மீட்டர் நீள ஏங்கிளைக் கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொண்டால், சூட்டில் கோணாது. பிறகு இடம், வலம், மேல், கீழ் என்று மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் விரல் நீளத்துக்கு மேல் ஓட்டாமல், ஆறவிட்டு ஆறவிட்டு முழு வெல்டிங் செய்யுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது. எல்லாம் கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகுதான், காதுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தண்டை வெட்ட வேண்டும். கடைசியாக வெட்டுவதால் நேர்கோடு மாறாது. வெட்டுவாயில் மழைநீர் புகும் என்பதால், இரண்டு வாய்களையும் தகடு வைத்து மூடி, அடியில் சிறு துளை விடுங்கள்.

சத்தி_தோட்டம் (மூன்று வாரம் கழித்து):

வேலை முடிந்தது. அலுவலகத்தில் படத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு, அண்ணன் சொன்ன வரிசையிலேயே செய்தோம். கீலைக் கோவையில் ஒரு லேத்தில் செய்து வாங்கினேன். மடக்கிய பிறகு மொத்த நீளம் 16 அடிக்குச் சற்றுக் குறைவு. தண்டைச் செங்கோணத்தில் திருப்பினால் நடுக்கோட்டிலிருந்து 78 செ.மீ. வெளியே நீள்கிறது, சக்கரங்களின் வெளிவிளிம்பு 82 செ.மீ. என்பதால் கொட்டகைக்குள் எதிலும் இடிக்கவில்லை. அப்பா நேற்றுத் தனியாகவே நிறுத்தினார். சக்கரத்தை இறக்கி, டயருக்குக் கட்டை வைத்து, அதன் பிறகே பின்னை எடுக்க வேண்டும் என்று தண்டின் மேலேயே வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

படகோடு இரண்டு குளத்துக்கும் போய் வந்த பிறகு கப்ளரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஒன்றரை மில்லி அளவுக்கு அசைவு இருக்கிறது. இது அதிகமா? கழற்றும் பின்னுக்கு இப்போது ஆர் வடிவக் கிளிப் போட்டிருக்கிறேன், அது போதுமா?

கணபதி_லேத்:

ஒன்றரை மில்லி நல்ல அளவு. இன்றைய தேதியோடு அதைக் குறித்து வைத்து, மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். 4 மில்லியைத் தொட்டால் காதுகளில் புஷ் போட வேண்டும். ஆர் கிளிப் வேண்டாம். சோளத்தட்டோ முள்ளோ உரசினால் உருவிக்கொண்டு போய்விடும். டிராக்டரில் போடுவார்களே, வளையம் மடங்கிப் பூட்டும் லிஞ்ச் பின், அதைப் போடுங்கள். இரண்டு வாங்கி, ஒன்றை வின்ச் தூணில் கட்டித் தொங்கவிடுங்கள்.